ஹாஃப் டன் டிரக்குக்கு 58,000 டாலர் டாய் ஹாலர் வாங்கலாமா?

கேள்வி: அரிசோனா மாநிலம் சாண்ட்லரில் மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளுடன் வசிக்கிறேன். எங்களிடம் ஒரு ஃபோர்டு எஃப்-150 டிரக்கும் இரண்டு டர்ட் பைக்குகளும் உள்ளன. குளிர்காலத்தில் கலிபோர்னியாவின் கிளாமிஸ் மணற்குன்றுகளுக்குப் போய்வர, பின்பகுதியில் பைக் ஏற்றும் இடமும் முன்பகுதியில் படுக்கையும் சமையலறையும் கொண்ட டாய் ஹாலர் டிரெய்லர் ஒன்றை வாங்க நினைக்கிறோம். டீலர் காட்டிய டிரெய்லரின் விலை 58,000 டாலர். வெற்று எடை 6,350 பவுண்டு. அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 9,800 பவுண்டு. "உங்கள் டிரக் 11,300 பவுண்டு வரை இழுக்கும், கவலையே வேண்டாம்" என்கிறார். பத்து சதவீதம் முன்பணம் கட்டினால் 8.5 சதவீத வட்டியில் 15 ஆண்டுக் கடன், மாதத் தவணை 514 டாலர். வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டு என்றும் சொல்கிறார். அடுத்த ஆண்டு மணலில் ஓட்டும், இருவர் அருகருகே அமரும் சைட்-பை-சைட் வண்டி ஒன்று வாங்கும் எண்ணமும் இருக்கிறது. அவசர நிதி போக 30,000 டாலர் சேமிப்பு உள்ளது. டிரக்கின் கதவோரச் சீட்டில் 1,560 பவுண்டு என்று போட்டிருக்கிறது. இந்த டிரெய்லரை வாங்கலாமா?

பதில்: இதை வாங்க வேண்டாம். டாய் ஹாலர் வாங்கும் எண்ணத்தையே கைவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இந்த டிரெய்லரும் உங்கள் டிரக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்பதும், அந்தப் பொருத்தமின்மையின் விலை டீலரின் கடன் தாளில் எங்கும் எழுதப்படவில்லை என்பதும்தான் நான் சொல்ல வருவது.

நீங்கள் கேட்காமலேயே கடைசி வரியில் எழுதிய அந்த 1,560 என்ற எண்தான் உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமானது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அந்தச் சீட்டு, டிரக்கில் ஏறும் ஆட்களும் பொருட்களும் சேர்ந்து எவ்வளவு எடை இருக்கலாம் என்பதை, அதாவது டிரக்கின் சுமைதிறனைச் சொல்கிறது. டீலர் சொல்லும் 11,300 என்பது இழுதிறன். அமெரிக்க நிறுவனங்கள் பின்பற்றும் சோதனை முறையில் இழுதிறனைக் கணக்கிடும்போது ஓட்டுநரும் உடன் வருபவரும் தலைக்கு 150 பவுண்டு என்று மட்டுமே கொள்ளப்படுகிறது. பின்னிருக்கைப் பிள்ளைகளும், டிரக்கின் பின்புறச் சரக்குப் பகுதியான பெட்டில் ஏற்றிய கூலரும், கருவிப்பெட்டியும் அந்தக் கணக்கில் இல்லை. குடும்பத்தோடு புறப்படும், உங்கள் எஃப்-150 போன்ற ஹாஃப் டன் டிரக் தன் இழுதிறனின் எல்லையைத் தொடுவதற்கு வெகு முன்பே சுமைதிறனின் எல்லையைத் தொட்டுவிடும்.

உங்கள் டிரக்கின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நால்வரின் எடையை 470 பவுண்டு என்று கொள்கிறேன்; பிள்ளைகள் வளர்வார்கள் என்பதால் இது கூடுமே தவிரக் குறையாது. டிரெய்லரை டிரக்கோடு இணைக்கும், எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் 100, பெட்டின் மூடி 60, கூலரும் கருவிகளும் 120 என்று வைத்தால் 750 ஆகிறது. மீதி 810 பவுண்டு. டிரெய்லரின் முன்மூக்கு ஹிட்ச்சின் மேல் அழுத்தும் எடை இந்த 810-க்குள் அடங்க வேண்டும். எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் போட்டால் இந்த வரம்பு உயரும் என்று சில விற்பனையாளர்கள் சொல்வதுண்டு; அது எடையின் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் டிரெய்லரின் அச்சுகளுக்கும் நகர்த்துமே அன்றி, கதவோரச் சீட்டில் அச்சிட்ட எண்ணை மாற்றாது.

டிரெய்லரின் மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் ஹிட்ச்சில் அமர வேண்டும் என்பது பொதுவிதி. நான் 13 சதவீதம் என்று கணக்கிடுகிறேன். அப்படியானால் நீங்கள் இழுக்கக்கூடியது, எல்லாம் ஏற்றிய நிலையில், ஏறத்தாழ 6,200 பவுண்டு. டீலர் காட்டிய டிரெய்லர் ஒன்றும் ஏற்றாமலேயே 6,350 பவுண்டு.

கிளாமிஸில் நீங்கள் கூடாரமடிக்கும் மணல்வெளியில் குழாய் இணைப்போ மின் இணைப்போ கிடையாது என்பதால் தண்ணீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு; 80 கேலன் தொட்டியை நிரப்பினால் 664 பவுண்டு. பைக்குகள் இரண்டும் 500, கேஸ் 40, பேட்டரிகள் 120, துணிமணி, உணவு, பாத்திரங்கள், ஹெல்மெட் எல்லாம் சேர்த்து 400. மொத்தம் 8,074 பவுண்டு. அதில் 13 சதவீதம் 1,050. உங்களிடம் இருப்பது 810. பைக்குகளுக்குப் பதிலாக 1,500 பவுண்டு எடையுள்ள சைட்-பை-சைட் ஏறினால் டிரெய்லர் 9,074 பவுண்டு ஆகும், ஹிட்ச்சில் 1,180. பத்து சதவீதம் என்று வைத்தால் முதல் கணக்கு 807-தானே, பொருந்துகிறதே என்று டீலர் வாதாடக்கூடும். உயரமான தட்டைச் சுவர் கொண்ட டிரெய்லரை, எட்டாம் எண் நெடுஞ்சாலையின் பாலைவனப் பக்கக்காற்றில், பிள்ளைகள் பின்னிருக்கையில் இருக்க, மூன்று பவுண்டு மிச்சத்தோடு இழுத்துச் செல்ல நான் யாருக்கும் ஆலோசனை சொல்ல மாட்டேன். ஹிட்ச் எடை குறையக் குறையத்தான் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும்.

டாய் ஹாலருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. அதன் சுமை அச்சுகளுக்குப் பின்னால் ஏறுவதால், பைக் ஏற்றும் பின்பகுதியான கராஜ் காலியாக இருக்கும்போது மூக்கு கனமாகவும், வண்டி ஏறிய பிறகு இலேசாகவும் இருக்கும்படி அதை வடிவமைக்கிறார்கள். அச்சுகளுக்கு ஆறடி பின்னால் 500 பவுண்டு பைக்குகளைக் கட்டினால், ஹிட்ச் அச்சுகளுக்குப் பதினைந்து அடி முன்னால் இருக்கும் டிரெய்லரில், மூக்கின் எடை சுமார் 200 பவுண்டு குறையும். ஆகவே பைக் இல்லாமல் ஒரு முறை, பைக்கோடு ஒரு முறை என இரண்டு நிலைகளிலும் பொருந்தும் டிரெய்லரே உங்களுக்கு ஏற்றது. தண்ணீர்த் தொட்டி அச்சுகளுக்கு முன்னால் உள்ளதா, பின்னால் உள்ளதா என்றும் குனிந்து பாருங்கள். விளம்பரத் தாளில் அது இருக்காது. பைக்குகளை டிரக்கின் பெட்டில் ஏற்றிக்கொண்டு சாதாரண டிராவல் டிரெய்லரை இழுக்கலாமே என்று நண்பர்கள் சொன்னால் கேட்காதீர்கள். அந்த 500 பவுண்டும் முழுதாக உங்கள் 1,560-இல் கழிந்துவிடும்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். 5,800 முன்பணம் போக 52,200 டாலர் கடன். 180 தவணைகளில் நீங்கள் கட்டப்போவது சுமார் 92,500 டாலர். வட்டி மட்டும் 40,000-க்கு மேல். ஐந்து ஆண்டு கழித்து விற்க நினைத்தால், அன்று பாக்கி நிற்கும் அசல் சுமார் 41,450 டாலர். டிரெய்லர்கள் முதல் சில ஆண்டுகளில்தான் வேகமாக மதிப்பிழக்கும். அன்று அது பாதி விலைக்குப் போகும் என்று கொண்டால் 29,000 கிடைக்கும். விற்பதற்காக உங்கள் கையிலிருந்து 12,000 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும். பதினைந்து ஆண்டுத் தவணை சிறியதாகத் தெரிவதற்குக் காரணம், அசல் கரையாமல் இருப்பதுதான்.

இதுவும் முழுக் கணக்கல்ல. முதல் இரண்டு பயணங்களில் டிரக்கின் பின்புறம் தாழ்ந்து, வழியில் உள்ள யூமா நகருக்குக் கிழக்கே டெலிகிராஃப் கணவாயில் வீடு திரும்ப ஏறும்போது என்ஜின் திணறியதும், அதைவிட அதிகச் சுமை தாங்கும் முக்கால் டன் டிரக் வாங்கலாமா என்ற பேச்சு வீட்டில் எழும். என்னிடம் வரும் டாய் ஹாலர் கேள்விகளில் பெரும்பாலானவை உண்மையில் இரண்டாவது டிரக்கைப் பற்றியவை. இன்றைய விலையில் குடும்பத்துக்கேற்ற புதிய முக்கால் டன் டிரக்குக்கு, உங்கள் எஃப்-150-ஐக் கொடுத்தது போக, 30,000 முதல் 45,000 டாலர் வரை கூடுதலாகப் போட வேண்டியிருக்கலாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்குத்தான் பொருந்தும்.

வரிச் சலுகை பற்றி டீலர் சொன்னது பொய்யல்ல. உங்களுக்குப் பயன்படாத உண்மை. படுக்கையும் சமையல் வசதியும் கழிப்பறையும் உள்ள டிரெய்லரை இரண்டாவது வீடாகக் கருதி, அதன்மேல் அடமானமாக எடுத்த கடனின் வட்டியைக் கழிக்க வருமான வரித் துறை அனுமதிக்கிறது. ஆனால் வரிக் கழிவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிடுபவருக்கே அது உண்டு. 2025-ஆம் ஆண்டுக்கு, கணவனும் மனைவியும் சேர்ந்து கணக்குத் தாக்கல் செய்தால் பட்டியலிடாமலேயே கிடைக்கும் நிலையான கழிவு 31,500 டாலர். உங்கள் வீட்டுக் கடன் வட்டி 14,000, சொத்து வரியும் மாநில வரியும் 9,000 என்று வைத்துக்கொண்டால் 23,000. டிரெய்லரின் முதலாண்டு வட்டி ஏறத்தாழ 4,400 சேர்ந்தாலும் 27,400-தான். நிலையான கழிவையே எடுப்பீர்கள். டிரெய்லர் வட்டியால் ஒரு டாலர்கூட மிச்சமாகாது. உங்கள் உண்மை எண்கள் வேறாக இருந்தால் கடந்த ஆண்டு வரித் தாளை எடுத்து இதே கூட்டலைப் போட்டுப் பாருங்கள்.

என் யோசனை இதுதான். மூன்று முதல் ஐந்து ஆண்டு பழைய, 20 அடி அளவிலான, வெற்று எடை 4,500 பவுண்டுக்கு மிகாத டாய் ஹாலரைத் தேடுங்கள். 4,450 பவுண்டு டிரெய்லர் என்று வைத்தால், பைக்குகள் 500, தண்ணீர் 50 கேலன் 415, கேஸும் பேட்டரியும் 100, சாமான்கள் 400 சேர்த்து 5,865. அதில் 13 சதவீதம் 762. வரம்புக்குள் இருக்கிறது, ஆனால் 48 பவுண்டு இடைவெளியோடுதான். ஜெனரேட்டரை டிரக்கின் பெட்டில் ஏற்றினால் அதுவும் போய்விடும். தண்ணீரைச் சாண்ட்லரில் நிரப்பாமல் யூமாவில் நிரப்பிக்கொண்டால் வழியின் பெரும்பகுதியை இலேசாகக் கடக்கலாம். விலை 24,000 டாலர் அளவில் அமைந்தால், சேமிப்பிலிருந்து 10,000 போட்டு, மீதி 14,000-ஐ ஐந்து ஆண்டுக் கடனாகக் கூட்டுறவுக் கடன் சங்கமான கிரெடிட் யூனியனில் கேளுங்கள். இதே 8.5 சதவீதம் என்றாலும் மாதம் 287 டாலர். மொத்த வட்டி 3,250-க்குள் முடியும். சேமிப்பில் 20,000 மிச்சமிருக்கும். அதில் கொஞ்சம் டயர்களுக்குத் தேவைப்படும். ஐந்தாறு வயதான டிரெய்லர் டயரில் பட்டன் தேயாமல் இருந்தாலும், அரிசோனா வெயிலில் நின்றதை நம்பி நெடுஞ்சாலையில் ஏற வேண்டாம்.

சொந்தமாக வைத்திருக்கும் செலவையும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். சாண்ட்லரின் பல குடியிருப்புச் சங்கங்கள் டிரெய்லரை வீட்டு வாசலில் நிறுத்த விடுவதில்லை. வெளி நிறுத்துமிட வாடகை மாதம் 100 முதல் 200 டாலர் வரை ஆகலாம். காப்பீடு, கூரை ஒட்டுப்பசை, சக்கரத் தாங்கிகளுக்குக் கிரீஸ் ஆகியவை தனி. உயரமான டிரெய்லரை இழுக்கும்போது கேலனுக்கு ஒன்பது மைல் கிடைத்தாலே நல்லது. ஆண்டுக்கு மூன்று முறைதான் போவீர்கள் என்றால், முதல் பருவத்துக்கு ஒரு சிறிய டாய் ஹாலரை வாடகைக்கு எடுத்துப் போய் வருவது மலிவு. பிள்ளைகளுக்கு மணல் பிடிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

சைட்-பை-சைட் விஷயத்தை இந்த முடிவுக்கு முன்பே வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். அது உறுதி என்றால் டிரெய்லரை இப்போது வாங்கவே வேண்டாம். அந்த 1,500 பவுண்டும் அதற்குரிய பெரிய கராஜும் உங்கள் டிரக்கின் வரம்பைத் தாண்டியவை. டிரக்கையும் டிரெய்லரையும் சேர்த்தே திட்டமிட வேண்டிய, இரண்டு மூன்று ஆண்டுச் சேமிப்பு தேவைப்படும் வேறொரு கணக்கு அது. பைக்குகளே போதும் என்றால் மேலே சொன்ன சிறிய டிரெய்லர் உங்களுக்குப் பொருந்தும்.

பழைய டிரெய்லரை வாங்குமுன், விற்பவரின் சம்மதத்தோடு, குடும்பம் முழுவதையும் டிரக்கில் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலை டிரக் நிறுத்தத்தில் உள்ள, வண்டிகளை எடைபோடும் கேட் (CAT) எடைமேடைக்குக் கொண்டுபோங்கள். டிரெய்லரோடு ஒரு முறை, டிரெய்லரைக் கழற்றிவிட்டு ஒரு முறை என இரண்டு எடைகளுக்கும் சேர்த்து இருபது முப்பது டாலருக்குள் முடிந்துவிடும். டிரெய்லரோடு நிற்கும்போது டிரக்கின் இரு அச்சுகளிலும் விழும் எடையிலிருந்து, தனி டிரக்கின் எடையைக் கழித்தால் ஹிட்ச் எடை கிடைக்கும். அதை அளக்கும்போது பகிர்ந்தளிக்கும் கம்பிகளைத் தளர்த்திவிடுங்கள். பைக்குகளையும் தண்ணீரையும் ஏற்றிய பின் அது 810-க்கு மேல் போகும் என்று தெரிந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த டிரெய்லரை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். கிளாமிஸ் பருவம் முடிந்து ஏப்ரல், மே மாதங்களில் விற்க வருவோர் கூடுவார்கள் என்பதால், அதுவரை பொறுப்பதில் நட்டமில்லை.