நூர்ஜகானைப் பார்த்துக் கொடுத்த வேடம்

அன்புள்ள ஐயா,

பொங்கல் விடுமுறைக்கு வந்த மகளோடு சிவாஜியின் பழைய ‘பராசக்தி’ பார்த்தேன். நீதிமன்றக் காட்சியில் அவள் சிரித்துவிட்டாள். “ஏன் இப்படிக் கத்துகிறார்?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. சிவாஜி மிகையாக நடித்தவர்தானா?

ம., காட்பாடி

அன்புள்ள ம.,

மகள் சிரித்ததில் தப்பில்லை. அந்த வயதில் நானும் சிரித்தவன்தான். ஆரணிப் பக்கத்து ஊரில் விடிய விடியப் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவன் சிரித்தேனே, அதுதான் வெட்கம்.

கூத்தில் துரியோதனன் வருவதை நினைத்துப் பாருங்கள். இருவர் திரை பிடித்து நிற்பார்கள். மேலே கிரீடம் மட்டும் தெரியும். உள்ளே நின்றபடியே தன் பெருமையைப் பாடி, கூட்டத்தைத் தவிக்கவிட்டுத்தான் முகம் காட்டுவார். கடைசியில் சாக்கை விரித்துப் பாதித் தூக்கத்தில் கிடக்கும் கிழவிக்கும் வந்தது யாரென்று தெரிய வேண்டுமே! மைக் இல்லாத காலத்தில் வேஷக்காரரின் குரலும் கையும் அந்தக் கிழவிக்காக வளர்ந்தவை. சிறுவனாக யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் குழுவில் சேர்ந்த கணேசனும் அந்தக் கிழவிக்கு நடித்துப் பழகியவர்தான். அண்ணாவின் நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்ததைப் பார்த்துப் பெரியார் ‘சிவாஜி’ என்றார், பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆனால் காட்பாடிக்காரர் மகளிடம் சொல்லியிருக்க வேண்டிய கதை வேறு. அந்தப் படத்தை எடுத்த பி.ஏ.பெருமாள் முதலியார் உங்கள் வேலூர்க்காரர். சக்தி நாடக சபாவில் நூர்ஜகானாக வேடம் கட்டிய கணேசனைப் பார்த்துத்தான் நாயகன் குணசேகரன் வேடத்தைக் கொடுத்தார். கத்துகிறார் என்று உங்கள் மகள் சொல்லும் மனிதர், ஓர் அரசியின் நடையிலும் பார்வையிலும் பாஸானவர்! கூட்டாகத் தயாரித்த ஏவி.மெய்யப்பச் செட்டியாருக்கோ இந்த ஒல்லிப் பையன்மேல் நம்பிக்கையில்லை, கே.ஆர்.ராமசாமியைப் போடலாம் என்றார். முதலியார் மசியவில்லை. 1952 தீபாவளிக்குப் படம் வந்தபோது கணேசனுக்கு 24 வயது. அதன்பின் எவ்வளவோ உயரம் போனார். 1960இல் கெய்ரோ விழாவில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்துக்காகச் சிறந்த நடிகர் விருதும் வாங்கினார். ஆனாலும் பொங்கலுக்குப் பொங்கல் வேலூருக்கு வந்து முதலியாருக்குச் சீர் வைத்து வணங்கிவிட்டுப் போவார். நீங்கள் படம் பார்த்ததும் பொங்கலில்தான், அன்றே சொல்லியிருக்கலாம்.

அந்த நீதிமன்றக் காட்சியைத் தொடக்கத்திலிருந்து மறுபடி பாருங்கள். நிதானமாகத்தான் ஆரம்பிக்கிறார். கலைஞரின் வசனம் ஏற ஏறத்தான் குரலும் ஏறுகிறது. அதைக் கத்தல் என்றால் கச்சேரியில் மேல்ஸ்தாயியையும் கத்தல் என்றுதான் சொல்ல வேண்டும்.

எழுபதுகளில் வந்த சில படங்களுக்காக நான் வாதாடப் போவதில்லை. அவற்றில் கிழவியும் இல்லை, கூத்தும் இல்லை. பழக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது. அதே மனிதர் 1985இல் ‘முதல் மரியாதை’யில் குரலை இறக்கி, தோளைத் தளர்த்தி, ஊர்ப் பெரியவராகவே உட்கார்ந்திருந்தார். அடக்கத் தெரியாதவரால் அப்படி உட்கார முடியாது.

கோடையில் எங்கள் பக்கம் திரௌபதி அம்மனுக்கு அக்னி வசந்தத் திருவிழா நடக்கும்போது மகளை அழைத்து வாருங்கள். துரியோதனன் வர நள்ளிரவு தாண்டிவிடும். பகலிலேயே ஒரு தூக்கம் போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.