4 கோரிலிருந்து 8 கோருக்கு மாறினால் லெப்டொப் இரண்டு மடங்கு வேகமாகுமா?

ஆகாது. கோர் என்பது லெப்டொப்பின் மூளையான புரொசஸருக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி. அது இரட்டிப்பானால் சில வேலைகளில் அதற்குக் கிட்டப் போகும், பல வேலைகளில் வித்தியாசமே தெரியாது. உங்களிடம் இருப்பது 4 கோர், ஹார்ட் டிஸ்க், 4 ஜிபி ரேம். பாவிப்பது பெரும்பாலும் குரோமும் எக்செலும். 8 கோருக்கு மாறச் சொல்வது கல்முனையில் ஒரு கடை. இதை வைத்துப் பார்த்தால் உங்கள் காசு போக வேண்டிய இடம் வேறு.

நான் மட்டக்களப்பில் கலியாண வீடியோ எடிட் செய்கிறவன். கோர் கூடினால் நன்றாகப் பலன் தெரியும் தொழில்களில் இது ஒன்று. முழு வீடியோவையும் எக்ஸ்போர்ட் செய்யும்போது வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து எல்லாக் கோருக்கும் கொடுக்கலாம், எட்டும் மூச்சுமுட்ட ஓடும். ஆனால் அதே சொஃப்ட்வெயார் திறப்பதற்கு எடுக்கும் நேரம் பெரிதாகக் குறையாது. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று வரிசையில் நிற்கும் வேலை அது. இங்கே மட்டக்களப்பில் ஒரு வாகன அகலமே இருந்த பழைய கல்லடிப் பாலத்தில் போய் வந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2013இல் புதுப் பாலம் திறக்கும் வரை, இரண்டு பக்கமும் எத்தனை வாகனம் நின்றாலும் ஒரு பக்கம் வந்து முடிந்தால்தான் மறுபக்கம் போகலாம்.

இதைக் கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967இலேயே கணக்காகச் சொல்லிவிட்டார். ஒரு நிமிட வேலை ஒன்றில் 30 விநாடியைப் பிரிக்க முடியாது என்று வையுங்கள். மீதி 30 விநாடியை 4 கோர் பங்குபோட்டால் மொத்தம் 37.5 விநாடி. 8 கோர் என்றால் ஏறத்தாழ 34. கோர் இரட்டிப்பானது, மிச்சம் நாலு விநாடிகூட இல்லை. ஆயிரம் கோர் போட்டாலும் அந்த 30 விநாடி அப்படியே இருக்கும்.

உங்கள் வேலை எந்த ரகம் என்று நீங்களே பார்க்கலாம். லெப்டொப் திணறும் நேரம் டாஸ்க் மனேஜரைத் திறந்து பெர்ஃபோமன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். அங்கே லொஜிக்கல் புரொசஸர்ஸ் (விண்டோஸ் எண்ணும் கோர்கள்) 4 என்று இருந்து, சிபியு, அதாவது புரொசஸர், 25 சதவீதத்துக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றால், ஒரு கோர் முழுதாக வேலை செய்கிறது, மற்ற மூன்றும் சும்மா இருக்கின்றன. 8 என்று இருந்தால் அந்த அளவு 12.5. ஒவ்வொரு கோருக்கும் காட்டும் தனித்தனி வரைபடத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். விண்டோஸ் அந்த ஒரே வேலையைக் கோருக்குக் கோர் மாற்றிக்கொண்டிருக்கும், எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் ஓடுவது போலத்தான் தெரியும். எக்செல் 2007 முதல் சூத்திரங்களைப் பல கோர்களில் கணக்கிடுகிறது, ஆனால் மேக்ரோ (எக்செலில் வேலையைத் தானாகச் செய்ய எழுதும் சின்ன நிரல்) ஒரே கோரில்தான் ஓடும். சிபியு கீழே கிடக்க டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது என்றால் (உங்களுக்கு இதுதான் என்று நினைக்கிறேன்) புரொசஸரில் பிழையே இல்லை.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணிக்கையையும் அப்படியே நம்பக் கூடாது. இன்டெல் ஐ5-1235யு என்றால் 10 கோர். அதில் வேகமானவை 2 மட்டும், மற்ற 8உம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் சின்னக் கோர்கள். கடையில் "எத்தனை கோர்" என்று கேட்காமல் புரொசஸரின் முழு மொடல் நம்பரைக் கேளுங்கள். எல்லாக் கோரும் ஒன்றாக ஓடினால் சூடு ஏறி வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும் என்பதும் இருக்கிறது. நம் பக்கத்துச் சித்திரை வெயிலில், பேன் தூசியடைத்த லெப்டொப்பைக் கட்டிலில் வைத்துப் பாவித்தால் கேட்கவே வேண்டாம்.

சரி, செய்ய வேண்டியது. முதலில் ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க். டிஸ்கில் ஒரு சின்னக் கோப்பைத் தேடிப் பிடிக்க ஹார்ட் டிஸ்குக்கு 10 மில்லி விநாடிக்கு மேல் போகும், எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும். அப்புறம் ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். சில மொடல்களில் ரேம் போர்டோடு ஒட்டியே வரும், மாற்ற முடியாது, வாங்க முன் அதைப் பாருங்கள். இரண்டும் செய்த பிறகும் அந்த 25 சதவீதக் கோடு நகராமல் நின்றால் புதுசு வாங்கலாம். அப்போதும் ஒற்றைக் கோர் வேகமாக உள்ளதைத் தேடி வாங்குங்கள்.