வக்கீல் அக்கா பதில்கள்: லண்டனிலும் அன்று அப்படித்தான்

கேள்வி: என் தங்கை விவாகரத்து கேட்டதற்கு, "இது என்ன லண்டனா?" என்று மாமா கத்துகிறார். அங்கே இது எப்போதுமே சாதாரணமா?
– ஒரு வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: இல்லவே இல்லை, தங்கச்சி. 1955-ல் எலிசபெத் ராணியின் தங்கை இளவரசி மார்கரெட், பீட்டர் டவுன்சென்டை மணக்கும் எண்ணத்தையே கைவிட்டார். போரில் பெயரெடுத்த விமானப்படை வீரர்தான், ஆனால் விவாகரத்தானவர். முன்மனைவி உயிரோடு இருக்க மறுமணத்தை இங்கிலாந்துத் திருச்சபை ஏற்கவில்லை. இளவரசிக்கே அந்தக் கதி என்றால் சாதாரணப் பெண்ணின் நிலையைக் கேட்கவா வேண்டும்! கணவனின் கள்ள உறவு, கொடுமை, கைவிட்டுப் போனது என ஏதாவது ஒன்றை அன்று கோர்ட்டில் நிரூபித்தாக வேண்டியிருந்தது. வக்கீல் வைக்கக் காசு? 1949-ல் வந்த சட்ட உதவிச் சட்டம்தான் ஏழைகளுக்கு அந்தக் கதவைத் திறந்தது. என்னைக் கேட்டால், அதுதான் பெரிய மாற்றம். அப்புறம் 1969-ல் புதுச் சட்டம், 1971-ல் அமல்: இருவரும் சம்மதித்து, இரண்டு வருடம் பிரிந்திருந்தால் போதும் என்றானது. பிறகு வேறொருவரை மணந்திருந்த மார்கரெட்டே 1978-ல் விவாகரத்து பெற்றார்.

நம் இந்து திருமணச் சட்டத்திலும் பரஸ்பர சம்மத விவாகரத்து 1976-லேயே வந்துவிட்டது, மாமாவிடம் சொல்லுங்கள். தங்கையைப் பாந்த்ரா குடும்ப நீதிமன்றத்துக்கு அழைத்துப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு.