பார்டர் டெரியர் நாயின் முடியை வீட்டிலேயே கையால் பிடுங்கலாமா?

கேள்வி: எங்கள் பார்டர் டெரியருக்கு இரண்டு வயது. போன வருடம் கிரூமிங் கடையில் மெஷின் போட்டு வெட்டிவிட்டார்கள். அதிலிருந்து முதுகு முடி பஞ்சு மாதிரி ஆகி, நிறமும் வெளிறிவிட்டது. கையால் பிடுங்கினால் சரியாகும் என்கிறார்கள். அவனுக்கு வலிக்காதா? நானே செய்யலாமா?

பதில்: தாராளமாக நீங்களே செய்யலாம். வலிக்குமா என்பதற்குப் பதில் முடியிடமே இருக்கிறது. முதிர்ந்த முடி ஆடுகிற பால்பல் மாதிரி, வேரில் பிடிப்பு விட்டுப்போய்ச் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுத்தால் பெரும்பாலான நாய்கள் கண்டுகொள்வதே இல்லை. வளர்ந்துகொண்டிருக்கிற முடியை இழுத்தால் மட்டும் கண்டிப்பாக வலிக்கும்.

இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவே இருக்கும் செவியட் மலைப்பகுதியில் நரி வேட்டைக்கு வளர்த்த இனம் இது. மழையும் முள்ளும் தோலைத் தொடாமல் இருக்கத்தான் மேலே கம்பி மாதிரி முடி, அடியில் மெத்தென்று இன்னொரு அடுக்கு. கம்பி முடி வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை முதிரும், ஆனால் தானாக முழுசாக உதிராது. வேரோடு எடுத்தால்தான் அந்த இடத்தில் மறுபடி விறைப்பான, நிறமுள்ள முடி வரும். மெஷின் போட்டால் செத்த முடியின் அடிப்பாகம் உள்ளேயே தங்கிவிடுகிறது, அடி அடுக்கு மேலே வந்து ஆக்கிரமித்துக்கொள்கிறது. உங்கள் நாய்க்கு நடந்தது இதுதான்.

சரி, எப்படிச் செய்வது? முதலில் குளிப்பாட்டாதீர்கள், குளித்த முடி வழுக்கும், பிடி கிடைக்காது. தோள்பட்டைக்குப் பின்னால் இடது கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஐந்தாறு முடிகளை மட்டும் நுனிப்பக்கமாகப் பிடித்து, முடி படிந்திருக்கும் திசையிலேயே நேராக இழுங்கள். மேல்நோக்கி வேண்டாம், மணிக்கட்டைத் திருப்பவும் வேண்டாம், திருப்பினால் முடி பாதியில் அறுந்துவிடும். விரல் வழுக்கினால் கொஞ்சம் சாக்பீஸ் தூள் தடவிக்கொள்ளுங்கள், அல்லது ஸ்டேஷனரி கடையில் நோட்டு எண்ண விற்கிற ரப்பர் விரலுறையை மாட்டிக்கொள்ளுங்கள். இதற்கென்றே விற்கும் கத்தியை முதல் தடவையே வாங்க வேண்டாம் என்பேன். அது பிடிமானத்துக்குத்தான், வெட்டுவதற்கு இல்லை. ஆனால் கை பழகாதவர்கள் அதை வைத்து வெட்டித்தான் விடுகிறார்கள்.

பிடுங்கியதை ஒரு வெள்ளைத் தாளில் போட்டுப் பாருங்கள். தடிப்பாக, நேராக, நிறத்தோடு இருந்தால் சரியான முடி. மெல்லியதாக, வெளிறி, நெளிநெளியாகவே வருகிறதென்றால் அடி அடுக்கைப் பிடுங்குகிறீர்கள், நிறுத்திவிடுங்கள்.

கழுத்து, முதுகு, விலா, தொடையின் வெளிப்புறம் என்று போங்கள். காது, தொண்டை, வயிறு, பிறப்புறுப்பைச் சுற்றி எல்லாம் தோல் மெல்லிசு, அங்கே மழுங்கிய முனையுள்ள கத்தரிக்கோல் போதும், பிடுங்கியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. ஒரே மூச்சில் முடிக்கவும் வேண்டாம். ஒரு நாளைக்கு அரை மணி நேரம், நடுநடுவே தின்ன ஏதாவது, ஒரு வாரத்துக்குள் முழு உடம்பையும் முடித்தால் முடி சீராக வளரும். அவன் நெளிந்தாலோ தோல் சிவந்தாலோ அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள். அப்புறம் சில நாளில் சின்னச் சின்னக் கொப்புளம் தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே தோல் நோய் உள்ள நாய்க்கும், வெகுநேரம் நிற்க முடியாத வயதான நாய்க்கும் மெஷினே நல்லது, அதில் குற்ற உணர்ச்சியே வேண்டாம்.

முடித்ததும் அடி அடுக்கு மட்டும் தெரியும், நாய் இளைத்துப் போன மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள். புது முடி நன்றாக மூட இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், அதுவரை கடும் வெயிலிலும் குளிரிலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை மெஷின் பட்ட முடி முதல் முறையிலேயே பழையபடி ஆகிவிடாது, இரண்டு மூன்று சுற்று ஆகலாம். குடும்பக் கட்டுப்பாடு செய்த நாய் என்றால் முடி இயல்பாகவே மெத்தென்று ஆகிவிடுவதுண்டு, முழுசாகத் திரும்பாமலும் போகலாம். இருந்தாலும் இப்போது இருப்பதைவிட நன்றாகவே இருக்கும்.

இன்றைக்கு சாயங்காலம் அவன் அசந்து படுத்திருக்கும்போது முதுகில் நாலு முடியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் நாளைக்கே தொடங்கலாம், வராவிட்டால் மூன்று வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.