கிட்னியை மாற்றினால் இதயமும் சரியாகிவிடுமா?

உங்கள் அண்ணனுக்கு உப்பு கூடியிருக்கிறது, எக்கோவில் (இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) இதயச் சுவர் தடிப்பு, ‘ஃபேப்ரி’ என்ற பரம்பரை நோயாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு டெஸ்ட் எழுதியிருக்கிறார்கள். கிட்னியை மாற்றினால் இதயமும் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆகாது. என் தம்பிக்கு இதே நோய். நான் டாக்டர் இல்லை, மதுரையில் அவனுக்காக ஆஸ்பத்திரி வராந்தாக்களில் உட்கார்ந்து உட்கார்ந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

சாதாரணமாகக் கிட்னி கெட்டவர்களுக்குப் பிரஷர் ஏறும், உடம்பில் நீர் தேங்கும், ரத்தம் குறையும். அந்தச் சுமையில் இதயச் சுவர் தடிக்கும். தம்பியின் எக்கோவைப் பார்த்தபோதும் ‘கிட்னி பேஷண்ட்டுக்கு இது சகஜம்தான்’ என்று விட்டுவிட்டார்கள். ஆனால் பிரஷர் நார்மலாக இருந்த காலத்தில் எடுத்த பழைய எக்கோவிலேயே சுவர் தடிப்பு இருந்தது. இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த இன்னொரு டாக்டருக்குத்தான் பொறி தட்டியது.

ஃபேப்ரியில் ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் என்ற நொதி பிறவியிலேயே இல்லை, அல்லது மிகக் குறைவு. அது சிதைக்க வேண்டிய ஒரு வகைக் கொழுப்பு செல்லுக்குள்ளேயே தேங்குகிறது. கிட்னியின் வடிகட்டும் செல்களில் தேங்கினால் சிறுநீரில் புரதம் ஒழுகும். இதயத் தசையில் தேங்கினால் சுவர் தடித்து, வடு விழுந்து, துடிப்பு தாறுமாறாகும். ஒன்றால் ஒன்று கெட்டது என்பதைவிட, ஒரே கோளாறால் இரண்டும் சேர்ந்து கெடுகின்றன என்பதே சரி. அப்புறம் கிட்னி செயலிழந்தால் பிரஷரும் நீரும் வேறு வந்து சேரும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி என்பார்களே, இதயத்தின் கதி அதுதான்.

மாற்றி வைக்கும் கிட்னியில் அந்த நொதி உண்டு. தன்னை அது பார்த்துக்கொள்ளும். இதயத்துக்கு அனுப்பும் அளவுக்கு அதனிடம் கிடையாது. அதனால் ஆபரேஷனுக்குப் பிறகும் இதய டாக்டரை விடக்கூடாது. நொதியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிரிப்ஸில் ஏற்றும் சிகிச்சையும் தேவைப்படலாம்.

உங்கள் அண்ணனிடம் ஒன்று கேளுங்கள்: சின்ன வயதில் கை கால் எரிச்சல் இருந்ததா, வியர்க்குமா? தம்பிக்கு வியர்க்கவே வியர்க்காது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது எங்கள் சட்டையெல்லாம் பிழிகிற மாதிரி நனைந்திருக்கும். அவன் சட்டை மட்டும் காய்ந்து கிடக்கும், முகம் சிவந்து மயக்கம் வரும். ‘கொடுத்து வச்சவன், வேர்வையே இல்ல’ என்பார் அப்பா. பள்ளிக்கூடத்தில் பாதம் எரிகிறது என்று அழுததற்குச் சாக்கு சொல்கிறான் என்று அடி வேறு.

சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று உங்கள் வீட்டிலும் யாராவது ஆரம்பிப்பார்கள். பல பரம்பரை நோய்களுக்கு அது பொருந்தும், இதற்குப் பொருந்தாது. ஃபேப்ரி எக்ஸ் குரோமோசோமில் வருவது. நோயுள்ள அப்பாவிடமிருந்து மகள்கள் எல்லோருக்கும் போகும், மகன்களுக்குப் போகாது. அந்த மரபணுவைச் சுமக்கும் அம்மாவிடமிருந்து எந்தப் பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. டயாலிசிஸில் இருந்தபோதே ‘மாரடைப்பு’ என்று போய்ச் சேர்ந்த எங்கள் தாய்மாமாவுக்கும் இதுவாகத்தான் இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறோம். மாமனைப் போலவே மருமகன் என்று ஊரில் பெருமையாகச் சொல்வது எங்கள் வீட்டில் இப்படிப் பலித்தது.

கிட்னி கொடுக்க அம்மாவோ அக்காவோ முன்வந்தால் முதலில் அவர்களுக்கு மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். ஆண்களுக்கு ரத்தத்தில் நொதி அளவைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். பெண்களுக்கு அது நார்மலாகவே காட்டலாம், நோய் உள்ளே இருக்கும். நான் கொடுக்கத் தயாராக இருந்தேன். டெஸ்டில் எனக்கும் இருக்கிறது என்று வந்தது. வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

செலவு தலை சுற்றும். மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில் ஃபேப்ரி இருக்கிறது. அங்கீகரித்த மையங்கள் வழியாக ரூ. 50 லட்சம் வரை உதவி உண்டு. நமக்குப் பக்கம் என்றால் திருவனந்தபுரம், பெங்களூரு. ஆனால் உறுப்புகள் பெரிதாகக் கெடுவதற்கு முன் கண்டுபிடித்தவர்களுக்கே என்று நிபந்தனை வைத்திருக்கிறார்கள். கிரியேட்டினின் (நாம் ‘உப்பு’ என்பது) ஏறும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். உங்கள் அக்கா தங்கைகளையும் அவர்கள் பிள்ளைகளையும் சிறுநீரில் அல்புமின் என்ற புரதமும் ஒரு எக்கோவும் இப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.