ஆல்பா விருந்துக்குச் செல்லவிருக்கும் கடலூர்த் தம்பிக்கு

தம்பி, வணக்கம். விடுமுறைக்காகப் புதுச்சேரி வந்திருக்கிறேன். முத்தியால்பேட்டையில் எங்கள் பழைய வீட்டின் திண்ணையில் அமர்ந்துதான் உங்கள் கேள்வியைப் படித்தேன். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து இத்தாலியின் துரின் நகருக்கு வேலைக்கு வந்து மூன்று மாதமே ஆகியிருக்கும் நிலையில், ஆல்பாவில் ஓர் உணவகத்தில் ஐந்து சுற்று உணவும் சுற்றுக்கு ஓர் ஒயினுமாகப் பரிமாறப்படும் இரவு விருந்துக்கு உங்கள் துறைத் தலைவர் உங்களை அழைத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் மதுவைத் தொட்டதில்லை, மாட்டிறைச்சி உண்பதில்லை, கோழியும் மீனும் உண்பீர்கள். போகாவிட்டால் மரியாதைக் குறைவாகுமா, போனால் எப்படி நடந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மா கவலைப்படுகிறார் என்ற கடைசி வரியையும் படித்தேன்.

போங்கள், தம்பி. குடிக்காதவர் அந்த மேசையில் அமர்வதை அங்கு யாரும் தவறாக நினைப்பதில்லை. அவர்களைச் சங்கடப்படுத்துவது வேறொன்று: தட்டு முன்னால் வந்த பிறகு, இது எனக்கு ஆகாது என்று சொல்வது. நம் ஊர்க் கல்யாணங்களில் வெங்காயம் பூண்டு சேர்க்காதவர் எத்தனை பேர் என்று சமையற்காரர் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதில்லையா? அதைப் போலத்தான் இதுவும். இத்தகைய விருந்தில் தட்டுகளின் வரிசையும் ஒயின்களின் வரிசையும் முன்பே முடிவாகிவிடும். இறைச்சியை நாட்கணக்கில் ஊறவைப்பார்கள். பாஸ்தாவின் உள்ளீட்டை முந்தின நாளே செய்து வைப்பார்கள். ஆகவே மூன்று நான்கு நாட்களுக்கு முன்பே சொல்லிவிட்டால் உங்களுக்கு வேறு தட்டு மகிழ்ச்சியுடன் வரும். அன்றிரவு சொன்னால் சமையலறையே தடுமாறும்.

எப்படிச் சொல்வது என்பதிலும் ஒரு கவனம் வேண்டும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். துரினுக்கு வந்த முதல் ஆண்டில் இதே போன்றதொரு விருந்துக்கு என்னை அழைத்தார்கள். மாட்டிறைச்சிக்கு அவர்கள் மொழியில் ‘மான்ட்ஸோ’ என்று அகராதியில் பார்த்து, மான்ட்ஸோ உண்பதில்லை என்று முன்பே சொல்லியிருந்தேன். முதல் தட்டில் மெல்லிய துண்டுகள், அவற்றின் மேல் வெளிர்நிறக் குழம்பு. வாயில் வைத்தால் சூரை மீனின் சுவை. மீன் என்றே நினைத்து முழுவதும் உண்டுவிட்டேன். பெயர் என்ன என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டபோதுதான் அது ‘வித்தெல்லோ தொன்னாத்தோ’, அதாவது சூரை மீன் குழம்பு ஊற்றிய கன்றின் இறைச்சி என்று தெரிந்தது. யாரும் என்னை ஏமாற்றவில்லை; அங்கு இறைச்சிக் கடையில் மான்ட்ஸோ ஒன்று, வித்தெல்லோ வேறொன்று. ஆனாலும் அன்றிரவு எனக்கு ஏற்பட்ட மனவருத்தம் பல நாட்கள் நீடித்தது. அதனால் நீங்கள் இப்படியே எழுதி அனுப்புங்கள்: ‘நோன் பேவோ அல்கோல். நோன் மாஞ்ஜோ நே மான்ட்ஸோ நே வித்தெல்லோ.’ மது அருந்துவதில்லை, மாட்டிறைச்சியும் கன்றிறைச்சியும் உண்பதில்லை என்று பொருள்.

நீங்கள் இருக்கும் பியமோந்தே மாநிலத்தில் இது மேலும் முக்கியம். இத்தாலியின் கடலோர ஊர்களில் மீன் தாராளமாகக் கிடைக்கும். ஆல்பாவைச் சுற்றியுள்ள லாங்கே குன்றுகளிலோ மாடுதான் பெருமைக்குரிய உணவு. முதல் தட்டில் பச்சையாகக் கொத்திய மாட்டிறைச்சி வரலாம். ‘அஞ்ஞொலொத்தி தெல் பிளின்’ என்னும் கிள்ளி மடித்த சிறு பாஸ்தாவின் உள்ளே பல இறைச்சிகள் கலந்திருக்கும். வெறும் அரிசியாகத் தோன்றும் ரிசோத்தோவைக்கூட இறைச்சி வேகவைத்த சாற்றில் கிளறியிருப்பார்கள். முட்டை மஞ்சள்கரு மிகுதியாகச் சேர்த்துப் பிசைந்த ‘தாயரின்’ என்ற மெல்லிய பாஸ்தாவை வெண்ணெயில் புரட்டித் தரச் சொன்னால் உங்களுக்குப் பொருந்தும். இடியாப்பத்தைவிட உறுதியான நூல்களாக இருக்கும், மிகவும் நன்றாக இருக்கும். முதன்மை இறைச்சித் தட்டுக்குப் பதிலாகக் கினிக்கோழி கேட்கலாம். அதற்கு ‘ஃபரவோனா’ என்று பெயர்.

மதுவை அறவே தவிர்ப்பது உங்கள் உறுதி என்றால், அது கோப்பையில் மட்டும் இருப்பதில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். ரிசோத்தோ கிளறும்போது தொடக்கத்திலேயே வெள்ளை ஒயின் ஊற்றுவார்கள். ‘பிரசாத்தோ’ என்ற இறைச்சி பரோலோ ஒயினிலேயே வெந்தது. ‘சபயோனே’ என்ற முட்டைப் பாகில் இனிப்பு ஒயின் உண்டு. சமைக்கும்போது ஆல்கஹால் பெருமளவு ஆவியாகும், முழுவதும் போய்விடாது. அதுவும் கூடாது என்றால் அதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

இனி, விருந்து எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். இரவு எட்டு அல்லது எட்டரை மணிக்கு அமர்ந்தால் எழுந்திருக்கப் பதினொன்றைத் தாண்டும். மேசையில் ‘கிரிசீனி’ என்ற நீண்ட மொறுமொறு ரொட்டிக் குச்சிகள் இருக்கும். துரினுக்கே உரிய பண்டம், ஆனால் அதிலேயே பசியைத் தீர்த்துக்கொள்ளாதீர்கள். முதலில் அன்டிபாஸ்டோ என்னும் தொடக்கத் தட்டு, அடுத்து பிரிமோ, அதாவது பாஸ்தா அல்லது ரிசோத்தோ, அதன் பின் செகொண்டோ, அதாவது இறைச்சியோ மீனோ, பிறகு பாலாடைக்கட்டிகள், இறுதியில் இனிப்பு. காப்பி அதற்கும் பிறகுதான் வரும், பால் சேர்க்காமல் சின்னக் கோப்பையில்.

ஒயின்கள் ஏன் அந்த வரிசையில் வருகின்றன என்பது புரிந்துவிட்டால், குடிக்காமலேயே அந்த மேசையின் பேச்சில் நீங்கள் கலந்துகொள்ளலாம். நம் வாழையிலைச் சாப்பாட்டில் சாம்பாருக்குப் பின் ரசம், ரசத்துக்குப் பின் மோர் என்று ஓர் ஒழுங்கு இருப்பதைப் போல, அங்கு மென்மையானதிலிருந்து அடர்த்தியானதற்கும், வெள்ளையிலிருந்து சிவப்புக்கும், இனிப்பற்றதிலிருந்து இனிப்புக்கும் போவார்கள். தொடக்கத்தில் அல்தா லாங்கா போன்ற நுரைக்கும் ஒயின் வரலாம். அதன் புளிப்பும் குமிழிகளும் நாவைக் கழுவி விடுகின்றன. அர்னேயிஸ் என்ற வெள்ளை ஒயின் அன்டிபாஸ்டோவுடனும், பர்பேரா என்ற சிவப்பு பாஸ்தாவுடனும் வருவது வழக்கம். இறைச்சியுடன் பரோலோ. நெபியோலோ என்ற ஒரே திராட்சையில் செய்வது; சட்டப்படி குறைந்தது 38 மாதங்கள், அதில் 18 மாதங்கள் மரப் பீப்பாயில், முதிர்ந்த பிறகுதான் விற்பனைக்கு வரும்.

பரோலோவின் தன்மையை விளக்க அவர்களுக்குப் பல சொற்கள் தேவைப்படுகின்றன; நமக்குத் துவர்ப்பு என்ற ஒரே சொல் போதும். பாக்கையோ கடுக்காயையோ வாயில் போட்டால் நாக்கு இழுத்துப் பிடிப்பது போல இருக்குமே, அதுதான். திராட்சைத் தோலிலும் விதையிலும் மரப் பீப்பாயிலும் உள்ள டானின் என்ற பொருள் உமிழ்நீரின் புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் வாய் உலர்ந்து போகிறது. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் அந்தத் துவர்ப்பைத் தணிக்கின்றன. அதனால்தான் இரண்டும் சேர்கின்றன. அதே ஒயினை மீனுடன் வைத்தால் பெரும்பாலும் உலோகச் சுவை தட்டும். இனிப்புத் தட்டுக்கு வரும் ஒயின் அந்த இனிப்பைவிடக் கூடுதலாக இனிக்க வேண்டும், இல்லையென்றால் ஒயின் புளித்துத் தெரியும். அதற்காகவே மொஸ்காதோ தாஸ்தி இருக்கிறது. நம் காரக் குழம்புகளுடன் வலுவான ஒயின் ஒத்துப்போகாததற்கும் காரணம் உண்டு: ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கூட்டிவிடும். அறுசுவை என்று நம் பெரியவர்கள் துவர்ப்பையும் தனியாக எண்ணி வைத்ததன் அருமை எனக்கு அந்த மேசையில் அமர்ந்தபோதுதான் விளங்கியது.

உங்களுக்கு விருப்பமிருந்தால் கோப்பையில் சிறிது ஊற்றச் சொல்லி முகர்ந்து மட்டும் பார்க்கலாம். பழைய பரோலோவில் ரோஜா மணமும் தார் மணமும் சேர்ந்து வரும் என்பார்கள், உண்மையிலேயே வரும். முகர்ந்துவிட்டு அப்படியே வைத்துவிடுவது தவறில்லை. அதுவும் வேண்டாம் என்றால், உணவுப் பட்டியலின் விலையும் ஒயின் வரிசையின் விலையும் பெரும்பாலும் தனித்தனியாக இருப்பதால், ஒயின் இல்லாத விருந்தாகவே உங்களுக்கு ஏற்பாடு செய்யச் சொல்லலாம். திராட்சைச் சாறோ தண்ணீரோ வைத்துக்கொண்டு ‘சின் சின்’ என்று கோப்பையை உயர்த்துங்கள். அப்போது எதிரில் இருப்பவரின் கண்களைப் பார்ப்பது அங்கு மரியாதை.

ஒருவேளை சுவைத்துப் பார்க்க நினைத்தால், அந்த முடிவை வீட்டில் இருக்கும்போதே எடுங்கள். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும் மேசையில் எடுக்காதீர்கள். இங்கும் என் அனுபவம் ஒன்று உண்டு. இலையில் எதையும் மிச்சம் வைக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். அந்த முதல் விருந்தில் ஊற்றியதையெல்லாம் அதே எண்ணத்தில் குடித்து முடித்தேன். காலிக் கோப்பையைக் கண்டால் பரிமாறுபவர் மறுபடி ஊற்றுவார் என்பது எனக்குத் தெரியாது. நாம் இலையை மடித்தால் போதும் என்று பொருள். அங்கு கோப்பையில் கொஞ்சம் மீதம் இருந்தால்தான் போதும் என்று பொருள். நான்காவது தட்டு வருமுன் எனக்குத் தலை சுற்றியது. உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவர்தான் வீட்டில் கொண்டுவந்து விட்டார். 13 விழுக்காடு ஆல்கஹால் உள்ள ஒயின் 100 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஐந்து கோப்பை என்றால் 50 கிராம். பழகாத உடம்புக்கு அது மிக அதிகம். இத்தாலியில் வண்டி ஓட்டுபவரின் இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் எல்லை. உரிமம் பெற்று மூன்று ஆண்டு நிரம்பாதவர்களுக்கு அதுவும் கிடையாது, பூச்சியம்தான். திரும்பி வரும் வண்டியை ஓட்டுபவர் குடித்திருக்கிறாரா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

நீங்கள் போவது இலையுதிர் காலம் என்பதால், ஆல்பாவின் வெள்ளை டிரஃபிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண்ணுக்கடியில் வளரும் இந்தக் காளானை நாய்களைக் கொண்டு தேடி எடுக்கிறார்கள். பாஸ்தாவின் மேல் சீவிப் போடட்டுமா என்று பரிமாறுபவர் கேட்பார். அதைக் கிராம் கணக்கில் தனியாக விலை போடுவது வழக்கம், விலையும் மிக அதிகம். அழைத்தவர் சரி என்று சொன்ன பிறகு நீங்கள் சரி என்று சொல்லுங்கள்.

அம்மாவைப் பற்றி. அவர் மனத்தில் இருப்பது நம் ஊர்ச் சாராயக் கடை என்று நினைக்கிறேன். அந்த அச்சம் நியாயமானது, அந்தக் கடைகள் எத்தனை குடும்பங்களை அழித்தன என்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் தெருவில் ஒரு சொல்தா குடும்பம் இருந்தது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்ற அந்தப் பெரியவர், ஞாயிறு மதியச் சாப்பாட்டுடன் ஒரே ஒரு சிறு கோப்பை சிவப்பு ஒயின் வைத்துக்கொள்வார். சோறு முடிந்தால் அதுவும் முடிந்தது. ஆல்பா மேசையில் நீங்கள் பார்க்கப்போவது அந்தப் பெரியவரின் வழக்கத்தை ஒத்தது. போன வாரம் என் மகளைப் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று அரிக்கமேட்டுப் பொருள்களைக் காட்டினேன். 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயின் வந்த ஆம்போரா சாடிகளின் உடைசல்களும், இத்தாலியின் அரெட்சோ ஊர் மட்பாண்டங்களும் கிடைத்தன. யவனர் கொண்டுவந்த தேறலைச் சங்கப் புலவரும் பாடியிருக்கிறார். அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இறங்கிய சரக்குதான் இது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். நீங்கள் குடிக்கப் போவதில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள், அவருக்கு வேண்டியது அதுதான்.

வரும் ஞாயிறு கடலூர் வழியாகச் சிதம்பரம் போகிறேன். அம்மா விரும்பினால் மஞ்சக்குப்பத்தில் இறங்கி அவரிடம் நேரிலேயே பேசிவிட்டுப் போகிறேன். முகவரியை எனக்குத் தனியாக அனுப்புங்கள். அதற்கு முன், அந்த இரண்டு வாக்கியங்களை இன்றே உங்கள் துறைத் தலைவருக்கு அனுப்பிவிடுங்கள்.