தேக்கில் செதுக்கும்போது உளி ஏன் சீக்கிரம் மழுங்குகிறது?

யாங்கோனில் புதிதாகச் செதுக்கப் பழகும் நம்மவர்கள் பலருக்கும் வரும் சந்தேகம். மழுங்குதல் என்றால் உளியின் வாயோரம் தேய்ந்து உருண்டு போவது. மணலில் இருக்கும் அதே சிலிக்கா தேக்குக்குள்ளும் நுண்துகளாக இருக்கிறது. மண் போகாத கீரையை அரிவாள்மனையில் அரிந்த மாதிரிதான்.

வாயை வெளிச்சத்தில் பிடியுங்கள். வெள்ளைக் கோடு மின்னினால் மழுங்கிவிட்டது. 1000 எண் சாணைக்கல்லில் 30 பாகையில், பின்பக்கம் பிசிறு (வாயோரத்தில் மடிந்து நிற்கும் மெல்லிய உலோகம்) விரலில் தட்டுப்படும்வரை தீட்டுங்கள். பின்பக்கத்தைக் கல்லில் மட்டமாக வைத்து ஒரு தேய்ப்பு, பிறகு தோல்வாரில் பத்து இழுப்பு, பிசிறு போய்விடும். 20 பாகைக்குச் சரித்தால் கூர் அருமையாக இருக்கும், ஆனால் கொட்டாப்புளி (மரச்சுத்தியல்) அடியில் வாய் உதிரும்.

தேக்கில் எண்ணெய் இருப்பதால் உளி தேயாது என்பார்கள். எண்ணெய் உளியை வழுக்கிப் போகச் செய்யும், சிலிக்காவை ஒன்றும் செய்யாது.